வலிக்கிறது என்று சொல்லும் தாயின் அருகில் யார் உட்காருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஆகஸ்டு 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாள்களில் தங்கள் நாளிதழ் உட்பட எல்லா இதழ்களிலும் தாய்ப்பாலின் சிறப்பைப் பற்றிய கட்டுரைகள் வருகின்றன. குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுக்க வேண்டும், முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம், அதன்பின் இணை உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைச் செட்டிநாட்டின் உட்கிராமத்துப் பெண்ணும் இன்று அறிந்திருக்கிறாள். அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் பால் கொடுக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் தாய்க்கு வரும் காம்பு வலியையும் வெடிப்பையும் பற்றி இந்தக் கட்டுரைகளில் அநேகமாக ஒரு வரிகூட இருப்பதில்லை. தாய்ப்பாலின் அருமையை நன்றாக அறிந்த பெண்களே பத்து நாளில் புட்டிக்கு மாறிவிடுவதற்கு இந்த வலி பெரிய காரணம் என்பதால் இதை எழுதுகிறேன்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களில் கிராம சுகாதார செவிலியராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். முகப்பும் வளவுமாக (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டுமாக) நீளும் பெரிய வீடுகளுக்கும் போயிருக்கிறேன். கண்மாய்க் கரையோரத்து ஓட்டு வீடுகளுக்கும் போயிருக்கிறேன். பிரசவமான வீட்டுக்குள் நுழைந்து, "பால் கொடுக்கிறாயா?" என்று கேட்டால், "கொடுக்கிறேன் நர்சம்மா" என்று பதில் உடனே வந்துவிடும். "வலிக்கிறதா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் கண் கலங்கும். குழந்தை சிணுங்கத் தொடங்கினாலே நெஞ்சு திக்கென்கிறது என்பாள் ஒருத்தி. வாயை வைக்கும் நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொள்கிறேன் என்பாள் இன்னொருத்தி. சுற்றி இருப்பவர்களிடம் இதற்கு இரண்டே பதில்கள் உண்டு. "தலைப்பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்க" என்பது ஒன்று. "பால் பத்தலை, புட்டியில கரைச்சுக் குடுத்துரு" என்பது மற்றொன்று. இரண்டையும் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் குழந்தையின் வாய் மார்பில் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

முதல் சில நாள்களில், குழந்தை வாயை வைத்ததும் சில நொடிகள் ஒரு கூச்சமும் இழுப்பும் இருப்பது இயல்புதான். குழந்தை சீராக விழுங்கத் தொடங்கியதும் அது அடங்கிவிட வேண்டும். குடித்து முடிக்கும் வரை வலி நீடித்தாலோ, காம்பில் வெடிப்போ இரத்தக் கசிவோ தெரிந்தாலோ, பெரும்பாலும் குழந்தை மார்பைக் கவ்வியிருக்கும் விதம் சரியில்லை என்று கொள்ள வேண்டும். குழந்தை காம்பை மட்டும் உறிஞ்சிப் பால் குடிப்பதாகத்தான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில், காம்போடு அதைச் சுற்றியுள்ள கரிய பகுதியையும் வாய் நிறையக் கவ்வி, நாக்காலும் தாடையாலும் அந்தப் பகுதியை அழுத்தியும் உறிஞ்சியும்தான் அது பாலை இறக்குகிறது. அப்படிக் கவ்வும்போது காம்பின் நுனி கடினமான முன் அண்ணத்தைத் தாண்டி, மென்மையான பின் அண்ணத்தின் அருகே போய் நிற்கும்; அங்கே அதை நசுக்க எதுவும் இல்லை. காம்பை மட்டும் பிடித்துக்கொண்டால், நாக்குக்கும் கடின அண்ணத்துக்கும் நடுவில் அது மாட்டிக்கொள்கிறது. பால் குடித்து முடித்த உடனே காம்பைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்: உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் சப்பையாகவோ, நுனியில் வெள்ளைக் கோடு விழுந்தோ இருக்கும். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கிறது. அத்தனை முறையும் ஒரே இடம் நசுங்கினால் எந்தப் புண்தான் ஆறும்? அதோடு, காம்பை மட்டும் சப்பும் குழந்தைக்குப் பாலும் போதிய அளவு இறங்காது. பசி அடங்காமல் அது ஓயாமல் அழும். வீட்டார் பால் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். தாயின் வலிக்கும் "பால் பத்தலை" என்ற பேச்சுக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்ததை இங்கே சொல்ல வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் பாயில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பார்க்க வந்தவர்கள் நாலைந்து பேர் அறைக்குள்ளேயே இருந்ததால், முந்தானையால் குழந்தையை முழுக்க மூடியிருந்தாள். வந்தவர்களை வெளியே பட்டாசாலைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு முந்தானையை விலக்கிப் பார்த்தேன். குழந்தையின் உடம்பு மடியில் மல்லாந்து கிடக்க, கழுத்து மட்டும் மார்பை நோக்கித் திரும்பியிருந்தது. கழுத்தைத் தோள் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கிப் பார்த்தால், அந்தக் குழந்தையின் பாடு நமக்குப் புரியும். போதாக்குறைக்கு, குழந்தைக்கு மூச்சு முட்டிவிடும் என்று வீட்டில் பயமுறுத்தியிருந்ததால், மூக்கின் அருகே இரண்டு விரல்களால் மார்பை அழுத்திப் பிடித்திருந்தாள். அந்த அழுத்தத்தில் கரிய பகுதி முழுவதும் வாய்க்கு வெளியே வந்துவிட்டது. காம்பின் நுனி மட்டுமே உதடுகளுக்குள் இருந்தது.

அவளுடைய சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரமாக ஈறுகளுக்கு நடுவே நுழைக்கச் சொல்லி, முதலில் அந்தப் பிடிப்பை விடுவித்தோம். வெடுக்கென்று இழுத்தால் வெடிப்பு இன்னும் கிழியும். பிறகு சுவரோடு தலையணை வைத்து அவளைச் சாய்ந்து உட்கார வைத்து, மடியில் இன்னொரு தலையணையைப் போட்டுக் குழந்தையை மார்பின் உயரத்துக்குக் கொண்டுவந்தோம். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரில் இருக்க வேண்டும். மூக்கு காம்புக்கு நேரே வர வேண்டும். மேலுதட்டைக் காம்பால் மெல்ல வருடினால், கொட்டாவி விடுவதுபோல் குழந்தை வாயைப் பெரிதாகத் திறக்கும். அதுவரை பொறுத்திருந்து, திறந்த அந்த நொடியில், தாடை முதலில் மார்பில் படும்படி குழந்தையைச் சட்டென்று அணைத்துக்கொள்ள வேண்டும். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் கூடாது. குழந்தையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும். பிடரியைப் பிடித்துத் தள்ளினால் குழந்தை முறுக்கிக்கொண்டு பின்னால் போகும். ஆகவே தோளையும் முதுகையும் தாங்கிப் பிடிப்பதே சரி. மார்பைத் தாங்கும் விரல்கள் கரிய பகுதிக்கு நன்றாகப் பின்னால் இருக்க வேண்டும். மூக்கு அழுந்துவதுபோல் தோன்றினால், குழந்தையின் இடுப்பைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டால் போதும். தலை தானாகப் பின்னால் சாய்ந்து மூக்கு விடுபட்டுவிடும்.

உடனே எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. விடுவித்து, குழந்தையைத் தேற்றி, மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தோம். ஒருவழியாகக் கீழுதடு வெளிப்புறம் மடிந்து, தாடை மார்பில் பதிந்து, கரிய பகுதி வாய்க்குக் கீழே மறைந்து மேலே மட்டும் சிறிது தெரியும்படி குழந்தை கவ்வியது. கன்னம் குழியவில்லை, "டக் டக்" என்ற சத்தமும் இல்லை. சற்று நேரத்தில் விழுங்கும் ஓசை கேட்டது. "இப்ப வலிக்கல நர்சம்மா" என்று அவள் சொன்னபோது, எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய ஆயா (பாட்டி), தங்கள் காலத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லையே என்று வியந்தார்.

சொல்லித் தர வேண்டிய தேவை அந்தக் காலத்தில் அவ்வளவாக இருக்கவில்லை என்பதே என் எண்ணம். ஒரே வளவில் நாலைந்து புள்ளிகள் (குடும்பங்கள்) புழங்கிய வீட்டில், பெரியம்மாவும் சித்தியும் அண்ணிமார்களும் பிள்ளைக்குப் பால் கொடுப்பதைச் சிறு பெண்கள் தினமும் பார்த்து வளர்ந்தார்கள். எப்படிச் சாய்வது, எந்தக் கையில் ஏந்துவது, குழந்தை எப்போது வாயைத் திறக்கும் என்பதெல்லாம் கண் வழியாகவே அவர்களுக்குப் படிந்துவிட்டன. இன்று அந்த வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. மற்றவற்றில் வயதான இருவர் மட்டுமே இருக்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டிலும் வளர்ந்த பெண் பிரசவத்துக்கு இங்கே வருகிறாள். ஒரு குழந்தை பால் குடிப்பதை அருகிலிருந்து பார்ப்பது அவளுக்கு அதுவே முதல் முறை, அதுவும் தன் குழந்தையாக. கிராமத்திலும் தனிக்குடித்தனம் பெருகிவிட்டது. தெரியாதது அவள் குற்றமன்று. காட்டித் தர ஆளில்லாமல் விட்டதுதான் குறை.

மருத்துவமனையில் காட்டித் தருவார்களே என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களுமே மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனாலும் 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 60 விழுக்காடுதான்; ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே பெறுபவை ஏறத்தாழ 55 விழுக்காடு. அதே கணக்கெடுப்பில் அறுவைப் பிரசவங்கள் ஏறத்தாழ 45 விழுக்காடு. வயிற்றில் தையலோடு இருப்பவள் நிமிர்ந்து உட்காரவே சிரமப்படும்போது, குழந்தையை எப்படிச் சரியாக ஏந்துவாள்? அவள் ஒருக்களித்துப் படுத்தபடி கொடுக்கலாம். அல்லது குழந்தையின் கால்கள் தன் முதுகுப் பக்கம் போகும்படி அக்குளுக்கு அடியில் இடுக்கி ஏந்திக் கொடுக்கலாம். இரண்டிலும் தையலில் பாரம் விழாது. இதை யாராவது ஒருவர் கைப்பிடித்துக் காட்ட வேண்டும். சுகப்பிரசவமான பெண்ணின் நிலைமை வேறு. இரண்டு மூன்று நாளில் அவள் வீடு திரும்பிவிடுகிறாள். பால் நன்றாக ஊறி மார்பு கனக்கத் தொடங்குவதோ மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள். மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு, காம்பு தட்டையாகி, குழந்தையால் கவ்வவே முடியாமல் போகும் அந்த நாளில் அவள் பக்கத்தில் செவிலியர் இல்லை.

பால் கட்டிக்கொண்டால், கொடுப்பதற்குச் சற்று முன்பு வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுத்து, கையால் சிறிதளவு பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டால் கரிய பகுதி இளகிக் கொடுக்கும். குழந்தையும் எளிதாகக் கவ்வும். கொடுத்த பிறகு குளிர்ந்த ஒத்தடம் வீக்கத்தைக் குறைக்கும். கட்டியை உடைக்கிறேன் என்று அழுத்தித் தேய்ப்பது வீக்கத்தை அதிகமாக்கும். நம் பக்கத்தில் பால் கட்டினால் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டும் பழக்கம் உண்டு. அது பாலை வற்றச் செய்வதற்காகவே காலங்காலமாகச் செய்துவந்த வைத்தியம் என்பதை இளைய தலைமுறை மறந்துவிட்டது. தொடர்ந்து பால் கொடுக்க விரும்பும் தாய்க்கு அது வேண்டாம்.

காம்பில் புண் உள்ளவர்களுக்குச் செலவில்லாத மருந்து அவர்களுடைய பாலே. கொடுத்து முடித்ததும் சில சொட்டுகளைப் பீய்ச்சி காம்பின் மேல் தடவி, காற்றில் உலர விட வேண்டும். சேலையும் சட்டையும் உரசாமல் சிறிது நேரம் திறந்து வைத்திருக்க வேண்டுமானால், அந்த அறையின் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை அவளுக்கு வேண்டும். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டோ கிருமிநாசினி கலந்த தண்ணீராலோ கழுவினால், காம்பின் இயற்கையான எண்ணெய்ப் பசை போய்த் தோல் வறண்டு வெடிக்கும். தினமும் குளிக்கும்போது வெறும் தண்ணீர் பட்டாலே போதும். நனைந்த துணியை உடனுக்குடன் மாற்ற வேண்டும். கத்திரி வெயிலில் பருத்தி உள்ளாடையைத் தவிர வேறு எதுவும் ஆகாது. மருந்துக்கடையில் கிடைக்கும் தூய்மையான லனோலின் களிம்பைத் தடவலாம். அதைக் கழுவித் துடைக்காமலே பால் கொடுக்கலாம். மஞ்சளைக் குழைத்துப் பூசுவதும் கண்ட எண்ணெய்களைத் தடவுவதும் குழந்தையின் வாய்க்குள்தான் போய்ச் சேரும் என்பதால் அவற்றை நான் ஒப்புக்கொள்வதில்லை. எதைத் தடவினாலும், கவ்வும் முறையைத் திருத்தாவிட்டால் புண் மறுபடி மறுபடி வரும்.

வலி குறைவாக உள்ள பக்கத்தில் முதலில் கொடுக்கலாம். பசியின் வேகம் தணிந்த பிறகு மறுபக்கம் கொடுத்தால் குழந்தை மெதுவாகக் குடிக்கும். ஒரு பக்கம் வாயை வைக்கவே முடியாத அளவுக்கு வலித்தால், அந்தப் பக்கத்துப் பாலைக் கையால் பீய்ச்சி எடுத்து, கொதிநீரில் போட்டெடுத்த பாலாடையிலோ (பால் புகட்டும் மூக்குக் கிண்ணத்திலோ) சங்கிலோ கொடுத்துக்கொண்டு, ஓரிரு நாள் புண்ணை ஆறவிடலாம். பாலை எடுக்காமல் விட்டுவிட்டால் கட்டிக்கொள்ளும். குழந்தையைத் தலை உயர்த்தி மடியில் ஏந்தி, அது நக்கி விழுங்கும் வேகத்துக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும். மல்லாத்திப் படுக்க வைத்து வாயில் ஊற்றக் கூடாது. நம் வீடுகளில் வெள்ளிப் பாலாடையைச் சீராகவே கொடுத்தனுப்புகிறோம். மருந்து புகட்டவும் அலமாரியில் அடுக்கவும் பயன்படும் அது, புட்டி இல்லாமலே இந்த இக்கட்டான நாள்களைத் தாண்ட ஒரு பெண்ணுக்குப் பேருதவியாக இருக்கும்.

வெடிப்பிலிருந்து கசிந்த சிறிது இரத்தம் பாலோடு குழந்தையின் வயிற்றுக்குள் போனால் தீங்கில்லை. எதுக்கலித்த பாலில் செந்நிறம் தெரிந்தாலும், அது தாயின் வெடிப்பிலிருந்து வந்தது என்று உறுதியானால் பதற வேண்டியதில்லை. எச்.ஐ.வி. போன்ற தொற்றுக்குச் சிகிச்சை பெறும் தாய்மார்கள் மட்டும், காம்பில் வெடிப்போ இரத்தமோ கண்டால் மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது. குழந்தையின் நாக்கிலும் உள்கன்னத்திலும் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்து, பால் கொடுத்த பிறகும் தாய்க்குக் காம்பு எரிந்துகொண்டிருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அப்போது தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்தே மருந்து வேண்டும். நன்றாக ஏந்தியும் வலி தீராவிட்டால், குழந்தையின் நாக்கின் அடியிலுள்ள சவ்வு இறுக்கமாக இருக்கிறதா என்று குழந்தைகள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மார்பில் ஒரு பகுதி சிவந்து, சூடாகி, கெட்டிப்பட்டு, குளிர் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். காய்ச்சல்காரியின் பால் பிள்ளைக்கு ஆகாது என்று நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தக் கூடாது. அந்தப் பால் கெட்டுப்போவதில்லை, நிறுத்தினால் கட்டி சீழ் பிடிக்கவும் கூடும். பால் கொடுக்கும் காலத்தில் எடுத்துக்கொள்ளத்தக்க வலி மாத்திரைகளும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இருக்கின்றன. மருத்துவர் எழுதிக் கொடுத்ததைத் தயங்காமல் சாப்பிடலாம்.

குழந்தைக்குப் பால் போதுகிறதா என்று அறிய அழுகையை மட்டும் பார்க்க வேண்டாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடையை எட்டிவிட்டால் பால் போதும். இந்தக் கணக்கைச் சொல்லாமலே, ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்றாம் நாளே பால்மாவு டப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பால்மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மருத்துவக் காரணத்தால் பால்மாவு தேவைப்படும் குழந்தைகள் உண்டு. அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. ஒரு தலையணையும் கால் மணி நேரப் பொறுமையும் போதுமாயிருந்த இடத்தில் டப்பாவைக் கொடுத்தனுப்பியதுதான் எனக்கு ஆறவில்லை.

மாவட்ட சுகாதார அதிகாரிகளுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் 18,000 ரூபாய் மகப்பேறு உதவி தருகிறோம். இலவச ஊர்தியில் வீட்டுவாசல் வரை கொண்டுபோய் விடுகிறோம். அதே அக்கறையோடு, தாயை வீட்டுக்கு அனுப்பும் முன் அவள் ஒரு முறை தொடக்கம் முதல் முடிவு வரை பால் கொடுப்பதை ஒரு செவிலியர் அருகில் உட்கார்ந்து பார்த்து, வலி இருக்கிறதா, கவ்வும் முறை சரியா என்பதை வெளியேறும் சீட்டில் எழுதியாக வேண்டும் என்று ஆணையிட வேண்டும். அரசு மருத்துவமனைக்கும் தனியார் மருத்துவமனைக்கும் இது பொதுவாக இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதில் 3ஆம் நாளும் 7ஆம் நாளும் போகிறவர், எடை பார்த்துப் பதிவேட்டை நிரப்புவதோடு நிறுத்தாமல், பால் கொடுப்பதையும் பார்த்துவிட்டு வர வேண்டும். புதன்கிழமைத் தடுப்பூசி, கணினிப் பதிவு, கூட்டங்கள் என்று செவிலியர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை என்பதை என்னைவிட அறிந்தவர்கள் குறைவு. ஆகவே அவர்களுடைய எழுத்து வேலையைக் குறைத்து, இந்த இரண்டு நாள்களுக்கான நேரத்தை அதிகாரிகள் ஒதுக்கித் தர வேண்டும். அங்கன்வாடிகளில் நடக்கும் சமுதாய வளைகாப்பிலும் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு, குழந்தையை ஏந்தும் முறையை நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் உடன்வரும் ஆத்தாமார்களுக்கும் ஆயாமார்களுக்கும் செய்து காட்டலாம். இதற்கெனத் தனியாக நிதி எதுவும் தேவைப்படாது. அதுவரை வலியோடு இருக்கும் பெண்கள், தங்கள் பகுதிச் செவிலியரையோ 104 என்ற எண்ணையோ உடனே அழைத்து ஆலோசனை கேட்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
காரைக்குடி.